நடுங்காமல் ஷாஃப்ட் மாட்டுவது எப்படி?

முதலில் ஷாஃப்ட்டை, அதாவது எஞ்சின் பக்கத்துச் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் குழாயை, வாங்கிவிடுங்கள். வண்டியை எத்தனை அங்குலம் உயர்த்துவது, எந்த டயர் போடுவது, பட்டை ஸ்பிரிங்கை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதையெல்லாம் பிறகு ஆற அமர முடிவு செய்துகொள்ளலாம். மாப்பிள்ளை யாரென்று தெரியும் முன்பே அவருக்குச் சட்டை தைக்கக் கொடுப்பது போன்ற காரியம்தான். ஆனாலும் ஜிப்ஸி வைத்திருக்கும் பலர் இந்த வரிசையில்தான் போகிறார்கள் என்பதால், இதையே முறை என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஆம், இந்த வழிகாட்டி மாருதி ஜிப்ஸிக்காரர்களுக்கு. 1985-இன் கடைசியில் 970 சிசி எஞ்சினோடு வந்து, பிறகு 1300 சிசி ‘கிங்’ ஆகி, ராணுவம், போலீஸ், வனத்துறை என்று எல்லாச் சீருடையும் போட்டுப் பார்த்து, ஷோரூமை விட்டுப் போன பிறகும் சாலையை விட்டுப் போகாத வண்டி. ஏணிச் சேசிஸ், முன்னும் பின்னும் அச்சை மூடிய முழு ஹவுசிங், நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். மறைவாக எதுவும் கிடையாது. குனிந்து பார்த்தால் எல்லாம் தெரியும். தெரிவதால் எல்லாம் புரிந்துவிட்டது என்று தோன்றும்.

கம்பெனி இந்த வண்டியில் பட்டையை ஹவுசிங்குக்கு அடியில் கட்டியிருக்கிறது. அதை எடுத்து ஹவுசிங்குக்கு மேலே வைத்தால், ஹவுசிங் குழாயின் கனமும் பட்டைக்கட்டின் கனமும் சேர்ந்து சுமார் ஐந்து அங்குல உயரம் கிடைக்கும். பட்டறைகளில் ‘ஸ்பிரிங் ஓவர்’ என்பார்கள். புதுப் பட்டை வாங்க வேண்டாம். ஹவுசிங்கின் மேல்புறத்தில் புதிதாக ஸ்பிரிங் சீட் வைத்து வெல்டு அடித்தால் போதும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு உயரம் வேறு எந்த வழியிலும் வராது. உயர்த்திய கையோடு வண்டியைக் கொல்லிமலைக்கு ஓட்டிப்போவது மரபு. 70 கொண்டை ஊசி வளைவுகள்; முழுக்கத் தார்ச்சாலை; பின்னாலேயே அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வரும்.

அந்தப் பயணத்தில்தான் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கேட்கும். அதை ஷாஃப்ட்டின் குற்றம் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவது அவசியம். தீர்ப்புக்குப் பிறகு விசாரணைக்கு நேரம் நிறைய இருக்கிறது.

இப்போது புது ஷாஃப்ட்டின் நீளம். வண்டி ஐந்து அங்குலம் உயர்ந்திருக்கிறது, ஆகவே ஷாஃப்ட்டும் ஐந்து அங்குலம் நீளமாக வேண்டும் என்று ஆர்டர் கொடுங்கள். கடைக்காரர் மறுப்பேதும் சொல்லமாட்டார். நீளம் கூடினால் விலையும் கூடும். எட்டாம் வகுப்பில் பித்தாகரஸ் தேற்றத்தைத் தூங்கிக் கழித்தவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் பின் ஹவுசிங்குக்கும் நடுவே தரைமட்டமாக 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஷாஃப்ட்டின் பின்முனை முன்முனையைவிட 8 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது என்றால், நீளம் 80.4. ஐந்து அங்குலம், அதாவது 12.7 சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழ்ந்த பிறகு நீளம் 82.6. வித்தியாசம் இரண்டே கால் சென்டிமீட்டர் கூட இல்லை. ஒரு அங்குலத்துக்கும் குறைவு. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பல நேரம் புது ஷாஃப்ட்டே வாங்காமல், ஃபிளாஞ்சுக்கு நடுவே ஒரு ஸ்பேசர் வைத்து, போல்ட்டை மட்டும் நீளமாகப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள்.

ஐந்து அங்குலம் கூடுதலான ஷாஃப்ட் உள்ளே நுழையாது. நான்கு ஆள் சேர்ந்து தள்ளி, ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் பல் வெட்டிய ஸ்பிளைன் முழுக்க உள்ளே போய் முட்டி நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் குறைத்து வாங்கியிருந்தால் நுழைந்துவிடும். அது இன்னும் விசேஷம். முதல் பள்ளத்தில் பட்டை அழுந்தும்போது ஷாஃப்ட்டுக்குப் போக இடம் இருக்காது. அது ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பேரிங்கை முன்னால் தள்ளும், ஹவுசிங்கில் இருக்கும் பினியனின் பேரிங்கைப் பின்னால் தள்ளும். இரண்டில் எது முதலில் சத்தம் போடும் என்று நண்பர்களோடு பந்தயம் கட்டலாம். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது, ஸ்பிளைன் இன்னும் ஒரு அங்குலமாவது உள்ளே போக இடம் விட்டு, வெளிப்பக்கம் இழுபடவும் தாராளமாகப் பிடிமானம் வைத்து மாட்டினால் இந்தப் பொழுதுபோக்கு கிடைக்காது.

“நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது” என்பதைச் சொன்னதும் அளவெடுக்கும் கலை நினைவுக்கு வருகிறது. வண்டியைச் சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்க, அடியில் வசதியாகப் படுத்துக்கொண்டு டேப் பிடிக்கவும். இந்த நிலையில் பட்டை முழுக்க விரிந்து ஹவுசிங் கீழே தொங்கும். நீங்கள் எடுக்கும் அளவு, வண்டி பள்ளத்தில் பறக்கிற நொடிக்கான அளவு. சாலையில் ஓடும்போது உதவாது. தரையில் நிறுத்தி, டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டு, ஸ்டெப்னி மாட்டி, பின்னால் வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றி உட்கார வைத்து அளவெடுத்தால் சரியாக வரும். ஆனால் மச்சானையும் அவர் நண்பர்களையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடாத வண்டியில் உட்கார வைப்பது எளிதல்ல.

தொங்கவிட்டுப் பார்க்க வேண்டிய வேலை ஒன்று தனியாக இருக்கிறது. ஷாஃப்ட் மாட்டிய பிறகு, சக்கரம் இரண்டும் தொங்கும் நிலையில், கியரை நியூட்ரலில் போட்டு ஷாஃப்ட்டைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட்டின் இரண்டு பக்கத்து முட்கரண்டிகளும் ஒன்றோடொன்று உரசினால், காட்டுப் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஒன்று கிராஸ் உடையும், இல்லை கரண்டி உடையும். அதற்குத்தான் ஹவுசிங் ஓரளவுக்கு மேல் இறங்காதபடி பட்டைப் பெல்ட்டால் சேசிஸோடு கட்டிவைப்பது. சரி, நாம் தார்ச்சாலைக்காரர்கள். இதைத் தாண்டிப் போகலாம்.

இனி கோணம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இருக்கைக்கு அடியில் கேட்ட நடுக்கத்தின் முகவரி இதுதான்.

கிராஸ் ஜாயிண்ட்டுக்கு இத்தாலியின் கார்டானோ பெயரும் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இருவருக்கும் நடுவே ஒரு நூற்றாண்டு. இருவருமே ஜிப்ஸியைப் பார்த்ததில்லை. அந்த ஜாயிண்ட்டிடம் ஒரு பிறவிக் குணம் உண்டு. நேர்கோட்டில் இருந்தால் ஒரே சீராகச் சுற்றும். வளைத்துவிட்டால், இந்தப் பக்கம் சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 10 பாகை வளைவில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம்; யாருக்கும் தெரியாது. 20 பாகையில் ஆறு சதவீதம், எல்லோருக்கும் தெரியும். 30 பாகைக்குப் போனால் பதினைந்தைத் தொடும். அப்போது பேச்சை நிறுத்திவிட்டு வண்டியையும் நிறுத்துவார்கள். 28 அங்குல டயரும், கிரவுன் பினியன் விகிதம் 4 என்றும் வைத்துக்கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் வினாடிக்குச் சுமார் 40 முறை சுற்றும். சுற்றுக்கு இரண்டு என்றால் வினாடிக்கு 80 உதறல்.

இந்தக் குணத்தை அடக்கத்தான் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கிராஸ் வைக்கிறார்கள். முன் கிராஸ் செய்யும் குறும்பைப் பின் கிராஸ் எதிர்த்திசையில் செய்து சமன்செய்துவிடும். நிபந்தனை இரண்டுதான். இரண்டு முனையிலும் கோணம் ஒன்றாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் இரண்டு முனைக் கரண்டிகளும் ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும். முதல் நிபந்தனைக்கு, ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வெளியே வரும் அச்சும் ஹவுசிங்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் போதும். உயரம் எவ்வளவு வேறுபட்டாலும் பரவாயில்லை. ஆனாலும் நடுவில் இருக்கும் ஷாஃப்ட்டுக்கு விடுதலை கிடையாது. அது ஏறி இறங்கித்தான் சுற்றும். அதனால் கோணம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் அளவுக்கு மீறிப் பெரியதாக இருந்தால் நடுக்கம் முழுக்கப் போகாது. கோணமே இல்லாமல் நேராக வைத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: கப்புக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் ஓர் இடத்திலேயே நின்று அங்கேயே குழி விழுந்துவிடும். அரை பாகை, ஒரு பாகையாவது வேண்டும்.

பினியன் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பது ஷாஃப்ட் மாட்டும் நாளில் முடிவாவதில்லை. ஸ்பிரிங் சீட்டை ஹவுசிங்கில் வெல்டு வைக்கிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. அன்றைக்கு நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

“அண்ணா, கோணம் பார்த்துட்டீங்களா?”

“அதெல்லாம் கண்ணே சொல்லிருமுங்க.”

“ரசமட்டம் வெச்சு ஒரு தடவை பார்த்துடலாமா?”

“இத்தன வருசமா வெல்டு வைக்கறனுங்க. ரசமட்டம் கொத்தனாருக்கு.”

இந்த இடத்தில் நீங்கள் பவ்யமாகத் தலையாட்டி டீ வாங்கி வரப் போய்விட வேண்டும். திரும்பி வருவதற்குள் சீட் ஹவுசிங்கில் ஒன்றாகியிருக்கும். கைப்பேசியிலேயே கோணம் காட்டும் வசதி இருக்கிறது, அதை ஃபிளாஞ்சின் மேல் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்று சொல்லி அவர் மனதைப் புண்படுத்த வேண்டாம். சீட்டை முதலில் சும்மா உட்கார வைத்து, வண்டியின் பாரத்தை இறக்கி, கோணம் பார்த்து, ஒரே ஒரு புள்ளி வெல்டு மட்டும் வைத்து, மறுபடி பார்த்து, பிறகுதான் முழுதாக அடிக்க வேண்டும் என்று கேட்பவர்களைப் பட்டறைகளில் அடுத்த முறை வரவேற்க மாட்டார்கள். போதாததற்கு, பட்டை வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஹவுசிங் முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கை மேலே தூக்கும். பட்டை மேலே போன வண்டியில் இந்த முறுக்கு இன்னும் அதிகம். அதற்காகவே நிற்கும்போது ஒன்றிரண்டு பாகை தாழ்த்தி வைப்பார்கள். இதையும் சேர்த்துச் சொன்னால் அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு உங்களை ஒரு பார்வை பார்ப்பார்.

வெல்டு ஆறிய பிறகு தவறு தெரிந்தால், பட்டைக்கும் சீட்டுக்கும் நடுவே ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். இரண்டு பாகை, நான்கு பாகை என்று அளவு போட்டே கிடைக்கும். அலுமினியத்தில் செய்தது பளபளப்பாக இருக்கும், நசுங்கிவிடும். இரும்பு ஆப்பு அசிங்கமாக இருக்கும், நிற்கும்.

இரட்டைக் கிராஸ் ஷாஃப்ட் என்று ஒன்று உண்டு. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரண்டு கிராஸ் அடுத்தடுத்து இருக்கும்; அவை தங்களுக்குள்ளேயே சமன்செய்துகொள்ளும். அதிக உயர்வுக்கு அருமையான பொருள். ஒரே நிபந்தனை, இதில் பினியன் இணையாக நிற்கக் கூடாது. ஷாஃப்ட்டை நோக்கியே நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஆகவே விலை உயர்ந்த இரட்டைக் கிராஸ் ஷாஃப்ட்டை வாங்கி, பினியனை இணையாகவே விட்டு மாட்டுங்கள். பின்முனையில் இருக்கும் ஒற்றைக் கிராஸுக்கு ஜோடியே இல்லாமல் போய், அது இஷ்டப்படி ஆடும். பணம் இரண்டு மடங்கு, நடுக்கம் அதே. பினியனைத் திருப்புகிறவர்களும் அளவோடு திருப்புவது நல்லது. மூக்கு அதிகம் நிமிர்ந்தால் பினியன் பேரிங்குக்கு ஆயில் எட்டாது.

கடைக்குப் போவோம். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை, கோவைக்காரர்களுக்கு உக்கடம். எந்த வண்டிக்கும் எந்த ஷாஃப்ட்டும் கிடைக்கும். கிடைப்பது எந்த வண்டியுடையது என்று கேட்காமல் இருந்தால் போதும். வெட்டி ஒட்டிய குழாய் என்றால் தட்டிப் பார்த்து வாங்குவது வழக்கம். எப்படிச் சத்தம் வந்தாலும் “நல்லா இருக்கு” என்று சொல்லவும். லேத்தில் கொடுத்துப் புதிதாகச் செய்வதானால், வீட்டில் மீந்த ஜி.ஐ. தண்ணீர்ப் பைப்பைக் கொண்டுபோகும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. வினாடிக்கு 40 சுற்றில் தையல் பிரியும் குழாய், தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு கால் இருக்கும் இடத்துக்கு வரும். ஷாஃப்ட்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் போட்டுச் சேசிஸோடு பிணைத்துவைப்பது பயந்தவர்கள் செய்யும் வேலையல்ல.

வெல்டு வைத்த சூட்டில் குழாய் இழுத்துக்கொள்ளும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, நடுவில் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் நிமிர்த்த வேண்டும். பிறகு பேலன்சிங். லாரித் தொழில் ஊறிய நாமக்கல், சங்ககிரிப் பக்கம் போனால் இதன் அருமை தெரிந்தவர்கள் இருப்பார்கள். “சின்ன வண்டிதானே, பேலன்ஸ் எதுக்கு” என்பது லேத்துக்காரரின் அபிப்பிராயமாக இருக்கும். அப்படியே கேளுங்கள். பிறகு வீட்டில் இரண்டு ஹோஸ் கிளிப்பை ஷாஃப்ட்டில் மாட்டி, திருகுத் தலைகளை இங்கும் அங்கும் நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு முறை ஊர் சுற்றி வந்து, நீங்களே பேலன்ஸ் செய்யலாம். உண்மையிலேயே வேலை செய்யும் வித்தை இது. ஒரு ஞாயிறு முழுக்கப் போய்விடும் என்பது தவிரக் குறை இல்லை.

மாட்டும் வேலையே இந்தக் கதையில் சின்ன வேலை. நான்கு போல்ட் அந்தப் பக்கம், நான்கு போல்ட் இந்தப் பக்கம். சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் பழுதென்பதால் முதல் கியரில் போட்டுவிட்டு அடியில் போங்கள் என்று எழுதக் கை வரவில்லை. கியர் வண்டியைப் பிடித்து நிற்பதே ஷாஃப்ட் வழியாகத்தான். கடைசி போல்ட் கழன்றதும் கியருக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்தது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு இருபக்கமும் கட்டை போட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

பழைய ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் சாக்பீஸால் அடையாளக் கோடு போட வேண்டும் என்பார்கள். போடாதீர்கள், ஞாபகசக்திக்குப் பயிற்சி. அப்படியே ஸ்பிளைனை முழுக்க உருவி, துடைத்து, கிரீஸ் வைத்து, தோன்றிய பல்லில் திரும்ப நுழைத்துவிடுங்கள். ஒரு பல் தள்ளிப்போனாலும் இரண்டு முனைக் கரண்டிகளும் ஒரே வாட்டத்தில் நிற்காது, மேலே சொன்ன இரண்டாவது நிபந்தனை போயிற்று. கோணமெல்லாம் கச்சிதமாக இருக்கும், வண்டி நடுங்கும், காரணம் யாருக்கும் தெரியாது. பல நல்ல ஷாஃப்ட்டுகள் டூப்ளிகேட் என்று பெயர் வாங்குவது இந்த ஒரு பல்லால்தான். குழாயில் இரண்டு அம்புக்குறி போட்டிருந்தால் அவை அலங்காரம் அல்ல, ஒன்றையொன்று பார்க்க வேண்டும்.

புதுக் கிராஸ் போடுவதென்றால் கப்பைச் சுத்தியால் அடித்து இறக்கும்போது உள்ளே ஓர் ஊசி சாய்ந்து விழுந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். கப் முழுக்க இறங்காது, சர்க்ளிப் பள்ளத்தில் உட்காராது. பலம் போதவில்லை என்று முடிவுகட்டிப் பெரிய சுத்தி எடுத்துவரச் சொல்வது நம் பாரம்பரியம். கழற்றிப் பார்த்து ஊசியை நிமிர்த்திவிட்டால் இரண்டு நிமிட வேலை. கிரீஸ் கன்னை வைத்து, நான்கு கப்பிலும் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அழுத்த வேண்டும். மூன்றில் வந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நான்காவதுதான் முதலில் உடையும்.

இனி சோதனை ஓட்டம். நடுக்கம் இருந்தால் முதலில் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். பிறகு வீல் பேலன்ஸ். பிறகு டயரை மாற்றுங்கள். பிறகு எஞ்சின் மவுண்ட். ஜிப்ஸியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக மூன்று ரப்பர் மவுண்ட்டில் தொங்குகிறது. அந்த ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே நடுக்கம் வரும் என்பதால் அதைக் கடைசியில் பாருங்கள். இவ்வளவும் செலவழித்து முடித்த பிறகு யாராவது ஒரு பெரியவர் வந்து, “பின் ஷாஃப்ட்டைக் கழட்டிப் போட்டுட்டு, முன் ஹப்பை லாக் பண்ணி, ஃபோர் வீல்ல போட்டு ஓட்டிப் பாரு தம்பி” என்பார். முன்சக்கரம் மட்டும் இழுக்க வண்டி ஓடும். நடுக்கம் நின்றுவிட்டால் பின் ஷாஃப்ட்டோ அதன் கோணமோதான். நிற்காவிட்டால் வேறு இடம். காசே செலவாகாத சோதனை என்பதால் இதை யாரும் முதலில் சொல்வதில்லை. மிதிக்கும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் அடங்கினால் பினியன் கோணத்தைச் சந்தேகிக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சீராக நடுங்கினால் பேலன்ஸ்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிப் பிடித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒன்றுக்கு என்று சொல்லியிருப்பதால் சீட் தனி, ஆப்பு தனி, ஷாஃப்ட் தனி என்று எண்ணுவார்களா, மொத்தமாக எண்ணுவார்களா என்று செக்போஸ்ட்டில் நின்று விவாதிக்கலாம். விபத்தென்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் குனிந்து பார்க்கும் முதல் இடமும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே பழைய ஷாஃப்ட்டைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். ஸ்பிளைனில் கிரீஸ் தடவி, பழைய சாக்கில் சுற்றி, எது முன்முனை என்று எழுதிக் கட்டி வையுங்கள். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வண்டி பழைய உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். அன்றைக்கு அந்த ஷாஃப்ட்தான் பொருந்தும். பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் பழைய யு-போல்ட்டுகளை வைத்திருந்து பயனில்லை, ஒரு முறை இறுக்கிக் கழற்றியதை மறுபடி போடக் கூடாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். ஹவுசிங்கின் அடிப்பக்கத்தில் கம்பெனி வைத்த ஸ்பிரிங் சீட் இரண்டையும் அழகுக்காக வெல்டர் கட்டிங் வீலால் வெட்டி எறிந்துவிட்டாரா என்று மட்டும் இன்று மாலையே குனிந்து பார்த்துவிடுங்கள்.